நலேடியின் நீல வண்டி

அந்த நீல வண்டியை நலேடி முதல் நாளே அமுக்கிக்கொண்டாள்.

மலைச் சைக்கிள் சங்கத்தின் கொட்டகையில் இரண்டே வண்டிகள் மிச்சம் இருந்தன. ஒன்று பளபளக்கும் நீலம். இன்னொன்று பெயிண்ட் உரிந்த கறுப்பு. அவள் சினேகிதி புலெங் தன் கம்பளிப் போர்வையைக் கழற்றி மடித்து வைப்பதற்குள், நலேடி இரண்டையும் மேட்டுப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கு நீலம். நீ கறுப்பை எடுத்துக்கடி."

"அது ஏன் உனக்கு?"

"என் உயரத்துக்கு அதான் சரி."

உயரமாம்! இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு விரல்கடைகூட வித்தியாசம் இருக்காது.

சங்கத்தை நடத்தும் லெபோனா பந்தய விதியைச் சொன்னார்.

"ஜோடியாத்தான் ஓட்டணும். மலையைச் சுத்தி வந்து, பொழுது சாயறதுக்குள்ள முடிவுக் கோட்டைத் தாண்டணும். ஒருத்தி முன்னால, ஒருத்தி எங்கயோ பின்னாலன்னு வந்தா ரெண்டு பேருமே அவுட். ஒழுங்கா முடிச்சிட்டா, எந்த வண்டியில கோட்டைத் தாண்டறீங்களோ அது உங்களுக்கே சொந்தம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் புலெங் பெயரே கொடுத்திருந்தாள். மலை மேலிருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு உதவியாளர் வேலை. தினமும் நடந்து ஏறி, நடந்து இறங்கி, முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது. நலேடிக்கு என்ன கேடு? வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் அவளுடைய தையல் கடை தெரியும். அவளுக்கு எதற்கு நல்ல வண்டி?

பயிற்சி ஆரம்பித்தது. மலையில் ஓட்ட இருவருமே புதுசு. விழுந்தார்கள், சிராய்த்துக்கொண்டார்கள், ஓடைக்குள் வண்டியோடு உட்கார்ந்தார்கள். ஆனால் மேடு வந்தால் மட்டும் நலேடி முன்னால் போய்விடுவாள். அதுவும் எப்படி? சீட்டில் உட்காராமல், பெடல் மேல் எழுந்து நின்று, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு!

"உக்காந்து மிதிச்சா என்னவாம் இவளுக்கு? ஊரே பாக்கணும்" என்று புலெங் பல்லைக் கடித்தாள்.

குதிரையில் போகிறவர்கள் நின்று நலேடிக்குக் கை தட்டினார்கள். கறுப்பு வண்டியில் உட்கார்ந்தபடி ஊர்ந்து வந்த புலெங்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் நலேடி கல்லில் உட்கார்ந்து, சுட்ட சோளத்தில் பாதியை நீட்டுவாள். "மெதுவா வாடி. நான் எங்கயும் ஓடிடல."

அந்தச் சோளம் புலெங்குக்குத் தொண்டையில் இறங்காது. வயிறுதான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே.

"நலேடி என்னமா தேறிட்டா பார்த்தியா?" என்றார் லெபோனா ஒருநாள்.

"வண்டி அப்படி, ஐயா. அதுல ஒரு கழுதையை ஏத்திவிட்டாலும் தேறிடும்."

ஒரே ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டும் பார்த்தாள். "இன்னிக்கு ஒரு நாள் நீலத்தை நான் ஓட்டறேனே?"

"வேண்டாம்டி. உனக்குக் கறுப்பு பழகிடுச்சு. மாத்தாதே."

கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவில்லையா? அன்று இரவு சோளக்களியைப் பிசைந்தபடியே புலெங் ஒரு முடிவுக்கு வந்தாள்.

பந்தயத்தன்று விடிவதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டாள். நலேடி வந்து சேர்ந்தபோது, நீல வண்டி மேல் புலெங் தயாராக இருந்தாள்.

நலேடியின் முகம் மாறியது. "புலெங், இறங்கு. சொல்றதைக் கேளு..."

"இத்தனை நாளா கேட்டாச்சு. இன்னிக்கு இது என்னோடது. கோட்டையும் இதுலதான் தாண்டுவேன்."

"அடியே, மேட்டுல அந்த வண்டி..."

ஊதல் ஊதிவிட்டார்கள். புலெங் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சமவெளியில் நீலம் பறந்தது. சரிவில் இன்னும் வேகம். புலெங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதை வைத்துக்கொண்டுதானே இவ்வளவு நாள் ராணி மாதிரி உச்சியில் உட்கார்ந்திருந்தாள்!

மலையைச் சுற்றிப் பாதி நாள் போன பிறகு மேடு வந்தது.

புலெங் லேசான கியருக்குக் கட்டை விரலால் தள்ளினாள். டக் என்று சத்தம் வந்தது. பெடல் லேசாகவில்லை. மறுபடி தள்ளினாள். மறுபடியும் டக். பெடலோ கல் மாதிரி நின்றது. எழுந்து நின்று மிதித்துப் பார்த்தாள். நாலு சுற்றுக்குள் தொடை நடுங்கி, வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. சூரியன் வேறு மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது.

கறுப்பு வண்டியில் சீட்டில் உட்கார்ந்தபடியே நலேடி பக்கத்தில் வந்து இறங்கினாள்.

"கியர் விழலடி" என்றாள் புலெங் அழாத குறையாக.

"விழாது. முதல் நாள்லேர்ந்தே விழாது. லேசான கியருக்குச் செயின் ஏறவே மாட்டேங்குது. ரிப்பேர் கடையிலயும் காட்டிட்டேன், அந்தச் சாமான் இங்க கிடைக்காதாம். சரி சரி, அழாதே. கறுப்பைப் பிடி, நேரமாகுது."

நீலத்தைப் பிடுங்கிக்கொண்டு, பெடல் மேல் எழுந்து நின்று, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நலேடி ஏற ஆரம்பித்தாள். பின்னால் புலெங், சீட்டில் உட்கார்ந்தபடி. இன்றைக்குத்தான் அவளுக்கு நலேடியின் கால் நடுங்குவது கண்ணில் பட்டது.

உச்சியைத் தாண்டியதும் கீழே கோடு தெரிந்தது. பொழுது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக இறங்கினார்கள்.

"முதல் நாளே என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி?" என்றாள் புலெங்.

நலேடி மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"சொன்னா நல்லதை என்கிட்ட குடுத்துட்டு, இதை நீ எடுத்துக்குவே. தினம் ஆஸ்பத்திரி மேட்டுல ஏறப் போறவ நீ. உன் குணம் எனக்குத் தெரியாதா?"