படையல் திராட்சை

டாக்டர் இரண்டு வழி சொன்னார். கட்டி குடலில் மேலே இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். மலக்குடலின் அடியில் இருந்தால் ஆசனவாயோடு எடுத்துவிட்டு, வயிற்றில் துவாரம் வைத்து ஆயுசுக்கும் பை கட்ட வேண்டும். சுருளியாண்டிக்குக் கட்டி அடியில்தான் இருந்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் ராமையாவுக்கும் அதே இடத்தில்தான் கட்டி வந்தது. "பையைக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிண்ணே நடப்பீக? நம்ம மானம் என்னாகுறது?" என்று அன்றைக்குத் தடுத்தவர் இவர்தான். குடல் அடைத்து, சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஒன்றைக்கூட விழுங்க முடியாமல் அண்ணன் செத்தார்.

மதினி பஞ்சம்மாள் அமாவாசைதோறும் புருஷன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஒரு கொத்துப் பன்னீர்த் திராட்சை வைப்பாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுருளியாண்டி தயிர்ச்சோறு தவிர எதையும் தொடுவதில்லை. ஆனால் அமாவாசை சாயங்காலம் பையைக் கழற்றியபோது உள்ளே திராட்சை விதைகள் கிடந்தன. அடுத்த அமாவாசைக்கும் கிடந்தன. மூன்றாவது அமாவாசைக்கு மறுநாள் அவர் மதினி வீட்டுக்குப் போனார்.

"மதினி, இனிமே படையல்ல திராட்சை வைக்காதீக. விதை பூராம் என் பையில வருது."

பஞ்சம்மாள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அவுக திங்கத்தான் செய்யிறாக," என்றாள். "திங்கட்டும் கொழுந்தனாரே. பைதான் நீங்க கட்டியிருக்கீகளே."

அடுத்த அமாவாசைக்கு இலையில் இரண்டு கொத்து இருந்தது.