திரும்பி நில்

“சும்மாதானே நின்னுச்சு! வாடகை எதுக்குன்னு காலி பண்ணிட்டேன்.”

அக்கா சொன்னதைக் கேட்டு மேகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேகம் என்பது கட்டடத்தில் அவருக்கு வைத்த பெயர். எங்கோ இருக்கும் பெரிய கணினிகளில் சிறிய நிறுவனங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்து, பழுது வந்தால் ஓடி வருகிறவர். அக்காவுடையது பல் செய்யும் பட்டறை. மருத்துவர்கள் நோயாளியின் வாயைப் படமெடுத்து அனுப்புவார்கள். அது வாடகைக் கணினியில் வந்து சேரும். அதைப் பார்த்து இங்கே பல் கடைவார்கள்.

“எது மேடம் சும்மா நின்னுச்சு?”

“இருந்ததே ரெண்டு. ஒண்ணு எப்பப் பாத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு அசையவே இல்ல. ஆள் இல்லாத ரூமுக்கு யாராவது விளக்குப் போட்டு வெப்பாங்களா?”

“அது ரூம் இல்ல மேடம், உங்க பரண். படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு.”

உள்ளே கடைசல் இயந்திரம் ஒன்று முனகி நின்றது. அங்கே வேலை பார்க்கும் பெண் எட்டிப் பார்த்தாள். “அடுத்த வாய் வரலக்கா.”

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எல்லாரையும் மறுபடி வாயைத் திறக்கச் சொன்னா, டாக்டருங்க என்னைக் கழுவி ஊத்திட்டுக் கீழே போயிடுவாங்களே!”

கீழே என்றால் கீழ்த்தளம். தங்கையின் பட்டறை. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது படிக்கட்டில் எதிரே வந்தால், ஒருத்தி கைப்பேசியைப் பார்ப்பாள், இன்னொருத்தி கூரையைப் பார்ப்பாள்.

மேகம் மிச்சமிருந்த கணினிக்குள் நுழைந்து துழாவினார். திடீரென்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வேடிக்கையா இருக்கே! இது ஏன் ஓடிக்கிட்டே இருக்குன்னு என்னைக்காவது பாத்தீங்களா?”

“ஏன்?”

“தினமும் உங்க படத்துக்கெல்லாம் ஒரு நகல் எடுத்து வேற எங்கேயோ அனுப்புது. யார் வெச்ச ஏற்பாடு இது?”

“எனக்கென்ன தெரியும்? எங்கே போகுது?”

மேகம் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது கீழ்த்தளத்துப் பட்டறையின் பெயர்.

அக்கா எழுந்துவிட்டாள். “அதானே பாத்தேன்! என் டாக்டருங்க ஒவ்வொருத்தரா அவகிட்ட எப்படிப் போறாங்கன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஆனா படமெல்லாம் பூட்டோடதானே இருக்கும், மேடம்?”

“பூட்டைப் போட்டவளே அவதான். அப்பல்லாம் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவ கையில. பிரியற அன்னைக்கு நான்தான் சாவி வெச்சேன், ஒரு ரகசியச் சொல். அடிக்கறப்போ திரும்பி நில்லுன்னேன். சுவத்தைப் பாத்து நின்னா. எல்லாம் நடிப்பு! ஓரக்கண்ணால பாத்திருக்கா.”

படிகளில் அவள் இறங்கிய வேகத்துக்கு மேகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தங்கை ஒரு பல்லுக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சளும் சாம்பலும் கலந்து, நிஜப் பல்லின் அழுக்கை அப்படியே கொண்டுவருவதில் அவள் கைகாரி.

“எத்தனை நாளாடி என் பட்டறையில கன்னம் வெச்சுக்கிட்டிருக்கே?”

தங்கை தூரிகையைக் கீழே வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற மேகத்தையும் பார்த்தாள்.

“தொலைச்சுட்டியா?”

“பேச்சை மாத்தாதே.”

“தொலைச்சுட்டியான்னு கேட்டேன்.”

“காலி பண்ணிட்டாங்க,” என்றார் மேகம்.

“நெனச்சேன்.” தங்கை தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். “உக்காருங்க. நேத்து வரைக்கும் எல்லாம் இருக்கு. எடுத்துக் குடுத்துடுங்க.”

“பாத்தீங்களா, அவ வாயாலேயே ஒத்துக்கிட்டா! நீங்கதான் சாட்சி.”

மேகம் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாவி கேக்குதே,” என்று தங்கையிடம் திரும்பினார். “சொல்லுங்க மேடம்.”

“என்கிட்ட ஏது?” என்றாள் தங்கை.

“இவ்வளவும் பண்ணிட்டுச் சாவி மட்டும் தெரியாதா? யார் காதுல பூ சுத்தறே?”

மேகம் இன்னும் சிறிது நேரம் எதை எதையோ திறந்து பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “இவங்க சொல்றது நிஜம் மேடம். ஒரு படத்தைக்கூட இங்கே யாரும் திறந்ததில்ல. திறக்க முயற்சி பண்ணதுகூட இல்ல. உங்க பூட்டு உங்க பூட்டாவே இருக்கு.”

அக்கா குனிந்து தானே திரையைப் பார்த்தாள்.

மேகத்துக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. “உங்களால திறக்கவே முடியாத பெட்டிக்கு நீங்க எதுக்கு மேடம் இடம் வாடகைக்குப் பிடிச்சீங்க?”

“அக்காவுக்குச் சும்மா இருக்கற சாமானைக் கண்டா ஆகாது. பரீட்சைக்கு முதல் நாள் என் நோட்டையெல்லாம் பழைய பேப்பர்ல போட்டவ. என்னைக்காவது இதையும் செய்வா. எங்கேயாவது ஒண்ணு இருக்கட்டுமேன்னு...”

தங்கை தூரிகையை எடுத்துத் துடைத்தாள். மேகம் எழுந்து விசைப்பலகையை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

யாரும் சொல்லாமலே தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

அக்கா ஒரு விரலை நீட்டினாள். மடக்கிக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

“இந்தப் பக்கம் திரும்புடி,” என்றாள். “எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது. நான் சொல்றேன், நீயே அடி.”