இருபதடிக் கிணறு

சீரங்காயி மூன்றாவது தடவையாகக் கணக்குப் பரீட்சை எழுதப்போகிறாள். பத்தாவது தேறிவிட்டால் கிணற்று மண் சுமப்பதை விட்டுவிட்டுச் சத்துணவுக் கூடத்து வேலைக்குப் போகலாம். டியூஷன் வாத்தியார் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். "பத்தடிக் கிணறு வெட்ட ஐந்து நாள் ஆனால் இருபதடி வெட்ட எத்தனை நாள்? நேர் விகிதம்மா. ஆழம் ரெண்டு மடங்குன்னா நாளும் ரெண்டு மடங்கு. பத்து."

"கீழ பத்தடியும் பாறைங்க சார். கூடை மேல வர்றதுக்கே நேரமாகும். இருபது நாளானாலும் முடியாதுங்க."

"கணக்குல பாறையெல்லாம் கிடையாதும்மா."

"பாறையில்லாம எந்த ஊர்லீங்க சார் கெணறு வெட்டுனீங்க?"

"இப்படி வாயடிச்சுத்தான் ரெண்டு தடவை கோட்டை விட்டே."

பரீட்சையிலும் அதே கிணறு வந்தது. ஐந்து மார்க். ஒரு கூடை மண் தூக்காத எவனோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வெட்டிய கிணறு என்று நினைத்துக்கொண்டாள். நாய்க்கு எலும்பு வீசுகிற மாதிரி 'பத்து நாள்' என்று எழுதிப் போட்டாள்.

தாளை வாங்கிய டீச்சர், "எல்லாம் எழுதிட்டியாம்மா?" என்றாள்.

"எழுதிட்டனுங்க" என்றாள் சீரங்காயி. "அவிங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்."