தூக்கக் கூடாத கனம்

"வாயைத் திறடி! நாலு நாளா இதே கூத்தாப் போச்சு!"

தட்டோடு நான் துரத்த, என் தம்பி மகள் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். வயசு நாலு. முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள அவ்வளவு பிடிவாதம்!

"எல்லாம் பொறாமை. தங்கச்சி வந்ததிலேர்ந்து ரெண்டு வாய்க்கு மேல இறங்கலை" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த தம்பி மனைவி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சாய்ந்தாள். ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள்தான். இருமல் வந்தால்கூடத் தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், பாவம்.

"திட்டாதீங்க அண்ணி. என் இடுப்பை விட்டு இறங்காம வளர்ந்தவ. இப்ப பக்கத்துலயே வர மாட்டேங்கிறா. ஒரே ஒரு தடவை அவளைத் தூக்கிக்கணும்போல இருக்கு."

"ஆமா, தூக்கு! தையல் பிரிஞ்சா யாரு பார்க்கிறது? நீ வீட்டுக்கு வந்த அன்னைக்கு, 'தூக்கு தூக்கு'ன்னு இவ உன் மேல ஏறினப்பவே சொன்னேனா இல்லையா? பாப்பாவை விடக் கனமா எதையும் ஒன்றரை மாசத்துக்குத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க!"

அவள் மேஜைப் பக்கம் கையை மட்டும் நீட்டினாள்.

"கண்ணு, அம்மாகிட்ட வாடா."

அந்த வாண்டு வரவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அந்த நேரம் பார்த்து சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார். தையலைப் பார்த்தார். "நல்லா ஆறிட்டு வருது. அவசரப்பட்டு எதையும் தூக்கிடாதீங்க" என்றார். பிறகு எடை மெஷினைத் தரையில் வைத்து, கைக்குழந்தையைக் கிடத்தினார்.

"மூணு கிலோ இருநூறு. சபாஷ்!"

பாப்பாவை எடுத்ததுதான் தாமதம். மேஜைக்கு அடியிலிருந்து ஓடி வந்து பெரியவள் மெஷினில் ஏறி நின்றாள்.

"பார்த்தியா? இதுக்கும் போட்டி!" என்றேன்.

நர்ஸ் சிரித்தார். "நீ பதினாலு கிலோ."

"பாப்பாவும் நானும் ஒரே கனமா?"

"அதெப்படி? நீ பெரிய பொண்ணாச்சே. பாப்பாவை விட ரொம்ப ரொம்பக் கனம்."

அவள் உதடு பிதுங்கியது. தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, தட்டைப் பிடித்திருந்த என் கையைத் தொட்டாள்.

"சாப்பிடாமதானே இருக்கேன் அத்தை? பாப்பா அளவுக்குக் குறையவே இல்லையே. இன்னும் எத்தனை நாள் இப்படி இருந்தா அம்மா என்னைத் தூக்குவாங்க?"