கண்ணாடியும் கிறீச்சிட்ட மோட்டாரும்

மலைப்பாதையில் ஓடும் கார் ஒன்றின் முன்கண்ணாடிக்கு ஹீட்டர் மோட்டார்மேல் தீராத எரிச்சல். குளிரில் ஆட்களின் மூச்சு படிந்து கண்ணாடி மங்கிவிடாமல் மோட்டார்தான் சூடான காற்றை ஊதித் தந்தது. ஆனால் ஊதும்போதெல்லாம் கிறீச்சிட்டது.

"பெரியவரே, கொஞ்சம் வாயை மூடுங்களேன்!"

"பாதை தெரியுதில்ல, தாயி?" என்று மட்டும் கேட்கும் மோட்டார்.

ஒருநாள் அது நின்றுபோனது. கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்ள, கார் தட்டுத்தடுமாறிப் பட்டறைக்கு வந்தது.

எல்லோரும் முதலில் ஃபியூஸைத்தான் சந்தேகித்தார்கள்.

"நான் முழுசாத்தான் இருக்கேன், நல்லாப் பாருங்க" என்றது ஃபியூஸ்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப் மோட்டாரின் வாசல்வரை போய்ப் பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் இதுவரைக்கும் வருது. கோளாறு உள்ளேதான்."

மெக்கானிக் கழற்றிப் பிரித்தார். உள்ளே, சுழலும் பகுதிக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகள் இரண்டும் நகத்துணுக்காகத் தேய்ந்திருந்தன.

"இதை வச்சுக்கிட்டா நேத்துவரைக்கும் ஊதினாரு!" என்று வியந்தது லாம்ப்.

அதன் இடத்தில் மாட்டிய புது மோட்டாரிடம் சத்தமே இல்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் கண்ணாடி பயந்துபோய்க் கேட்டது: "தம்பி, இருக்கியா?"

"பாதை தெரியுதில்ல, அக்கா?"

"தெரியுது. ஆனாலும் கொஞ்சம் சத்தம் போட்டுக்கிட்டே வாயேன்."