எலி தூக்கிய ஃபியூஸ்

சாவியைத் திருப்பியும் காம்பனின் பழைய பிக்கப் முனகக்கூட இல்லை.

"விருந்துக்கு நேரமாச்சு! நாம போகலைன்னா ஊர்த்தலைவர் மனசு உடைஞ்சிடுவாரு," என்று அவன் மனைவி புவாலாய் மெக்கானிக் விச்சித்தை அவசரப்படுத்தினாள். தலைவர் விருந்து வைத்தால் அவரே மைக் பிடித்துப் பாடுவார். முப்பது பாட்டு முடியும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது.

விச்சித் பேட்டரியைச் சோதித்தான். அதில் கோளாறு இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான்.

"அண்ணே, ஸ்டார்ட்டர் ஃபியூஸைக் காணோம். ரிலேயையும் காணோம்!"

"ரெண்டுமா?" காம்பன் திடுக்கிட்டான்.

"எலி தூக்கியிருக்கும். நாளைக்கு உடோன் தானி டவுனுக்குப் போய்த்தான் வாங்கணும்."

"அடப்பாவமே!" என்றாள் புவாலாய், தோட்டைக் கழற்றிக்கொண்டே.

விச்சித் போன பத்தாவது நிமிடம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மேலே ஆளுயர ஒலிபெருக்கிகள். நடுவில் மைக்கோடு தலைவர்.

"வண்டி ஓடலையாமே? விச்சித் சொன்னான். கவலைப்படாதீங்க, விருந்தையே இங்க கொண்டு வந்துட்டேன்!"

காம்பன் கொல்லைப்பக்கம் நின்ற பிக்கப்பிடம் ஓடினான். சட்டைப்பையிலிருந்த ஃபியூஸை எடுத்து மாட்டினான்.

பின்னாலேயே ஓடிவந்த புவாலாய், கையிலிருந்த ஒட்டரிசிச் சோற்றுக் கூடைக்குள் கையை விட்டு ரிலேயை எடுத்தாள். "முறைக்காதீங்க, சீக்கிரம் மாட்டுங்க, தப்பிச்சிடலாம்!"

வண்டி ஒரே திருப்பில் உறுமியது.

"அடடே, ஓடுதே!" மைக்கில் தலைவரின் குரல் அதிர்ந்தது. "அப்போ எல்லாரும் ஏறுங்க, என் வீட்டுக்கே போயிடலாம். இதைவிடப் பெரிய ஒலிபெருக்கி அங்கதான் இருக்கு!"