வெள்ளிக்கிழமை லீவு

பதுளைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு மதுஷாவோடு பேசியது மீனாம்பாளின் காதை விட்டுப் போகவில்லை. இருவருக்கும் வளைகுடாவில் ஒரே நகரத்தில் வீட்டு வேலை. லீவில் சொந்த ஊரான பசறைக்கு வந்திருந்தார்கள்.

"முதலாளி அடிப்பாராக்கா?"

"சேச்சே! நான்தான் ரெண்டு மூணு தடவ அடிச்சிருக்கேன்."

மதுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுக்கப்புறமுமா வேலைக்கு வச்சிருக்காரு?"

"விட மாட்டேங்குறாரே! அங்க இருக்கப்ப ஒரு நாள் லீவு கெடையாது. தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுத்தப்பகூட ஞாயித்துக்கெழம வீட்டுல இருந்தேன்."

"எங்க மேடத்தோட தங்கச்சி ஆள் தேடுறாங்க. வெள்ளிக்கெழம லீவு. உங்க முதலாளி ரிலீஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா, பெர்மிட்ட மாத்திடலாம்."

போனில் இருந்த படிவத்தைப் பதுளையில் பிரிண்ட் எடுத்தும் கொடுத்தாள்.

ஒரு வாரமாக அது தலையணைக்கடியிலேயே கிடந்தது. தோட்டத்துத் துரையோடு நேருக்கு நேர் சண்டை போட்டவளுக்கு முதலாளியிடம் நாக்கு எழவில்லை.

புறப்படும் நாள் வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்தில், அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் சம்மணமிட்டு உட்கார்ந்த முதலாளி, மூன்றாவது ரொட்டிக்குச் சம்பல் கேட்டார்.

"அங்க போயும் தினம் இதே மாதிரி சுடுங்க."

மீனாம்பாள் பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிரதீசு, அம்மாவ கூட வச்சிக்கத்தானே வேலக்காரின்னு பெர்மிட் எடுத்த? இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா. வேற வீட்டுல வேல பாத்துட்டு, வெள்ளிக்கெழமைல ஒனக்கு அம்மாவா வர்றேன்."